தாத்தாவின் பிஸ்கட் டின்: அட்டையை வெட்டியிருக்கிறார்களா, பூசியிருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது?

தலவாக்கலையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா ஒரு தோட்டத்தில் பங்களா அப்புவாக இருந்தவர். 70களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குக் கிளம்பின தொரை விட்டுப்போன சாமான்களோடு ஒரு பிஸ்கட் டின்னும் வீட்டுக்கு வந்திருக்கிறது. உள்ளே அறுபது எழுபது சிகரெட் அட்டைகள் (அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் போட்டு வந்த சின்னப் பட அட்டைகள்), பெரும்பாலும் கிரிக்கெட் வீரர்கள். கண்டியில் அதை வாங்குவதாக இருந்த ஒருவர் "இரண்டு அட்டை ஓரம் வெட்டியிருக்கு, ஒன்றில் மூலைக்குக் கலர் பூசியிருக்கு" என்று சொல்லி விலையைப் பாதியாக்கிவிட்டாராம். அது உண்மையா, விலை குறைக்கிற தந்திரமா என்று தம்பிக்குத் தெரியவில்லை. கூடவே, கொழும்பில் ஒருவர் விற்கிற முதல் பதிப்பு சாரிசார்ட் கார்டை (போகிமொன் சீட்டு விளையாட்டில் டிராகன் மாதிரி வருகிற பாத்திரம்) வாங்கலாமா, டின்னில் இருப்பவற்றை விற்கும் முன் சுத்தம் செய்யலாமா என்றும் கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம் தம்பி. ஈரத்துணி, அழிறப்பர், பாண் துண்டு, புத்தகத்துக்கு அடியில் வைத்து நேராக்குவது, இஸ்திரிப் பெட்டி, எதுவும் வேண்டாம். டின்னை மூடி வைத்துவிட்டு இதை வாசியுங்கள்.

நான் அட்டை வியாபாரி இல்லை. ஹட்டனில் ஓர் அச்சகத்தில் 22 வருஷம் வெட்டு மெஷினில் நின்றவன். கல்யாண அழைப்பிதழ், தேர்த்திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், தேர்தல் துண்டுப்பிரசுரம், எல்லாம் என் கத்திக்குக் கீழே போய்த்தான் வெளியே வந்தன. சிகரெட் அட்டை, தேயிலை அட்டை சேர்க்கிற பைத்தியம் அப்புறம்தான் பிடித்தது. அதனால் என் கண் முதலில் படத்துக்குப் போகாது, விளிம்புக்குத்தான் போகும். கெட்ட பழக்கமில்லை, ஏனென்றால் இந்த உலகத்தில் நடக்கிற திருகுதாளத்தில் பாதிக்கு மேல் விளிம்பில்தான் நடக்கிறது.

எந்தச் சோதனை செய்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். இந்த அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், நாலு விளிம்பு, நாலு மூலை, எல்லாவற்றுக்கும் ஒரே வயதா? எண்பது தொண்ணூறு வருஷம் ஒரே டின்னுக்குள் ஒரே ஈரத்தில் கிடந்த கடதாசி ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் பழுக்கும். முகம் பழுப்பாக இருக்க ஒரு விளிம்பு மட்டும் பால் வெள்ளையாக இருந்தால், மூன்று மூலை மழுங்கி ஒன்று மட்டும் ஊசி மாதிரி நின்றால், அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். லென்ஸ், டோர்ச், அளவுகோல் எல்லாம் அந்த வயது வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கிற சாமான்கள், அவ்வளவுதான்.

சரி, விளிம்பு. மூலை மழுங்கின அட்டையின் ஓரத்தை அரை மில்லிமீற்றர் சீவிவிட்டால் மூலை திரும்பக் கூர்மையாகிவிடும், அட்டை புதிசு மாதிரி நிற்கும், விலை பல மடங்கு ஏறும். அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலேயே சில அட்டைகள் கொஞ்சம் பெரிதாக வெட்டப்பட்டு வந்தன, அப்படிப்பட்டதைத் தேடிப்பிடித்துச் சீவினால் அளவுகோலும் பிடிக்காது. இதில் உலகத்துக்கே தெரிந்த கதை ஹோனஸ் வாக்னர் அட்டை. வாக்னர் அமெரிக்க பேஸ்போல் வீரர். 1909 முதல் 1911 வரை அங்கே சிகரெட் பெட்டிகளில் வந்த, இன்று டீ206 என்று அழைக்கப்படுகிற தொடரில் அவருடைய அட்டை மிகக் கொஞ்சம்தான் வெளியே வந்தது. அதில் நம்பமுடியாத அளவுக்கு மூலை கூர்மையான ஒன்றை ஐஸ் ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி முதலாளி புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 1991 இல் 451,000 டொலருக்கு வாங்கினார்கள். தரம் பார்க்கிற நிறுவனமான பீஎஸ்ஏ அதற்குப் பத்துக்கு எட்டுப் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்தது. 2007 இல் அது 28 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. பிறகு 2013 இல், 80களில் அதை வாங்கி விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், அதன் ஓரத்தைத் தானே வெட்டினதாக ஒப்புக்கொண்டார். ஆகவே பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து நம்பர் ஒட்டியிருக்கிறது என்பதற்காக உங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

வெட்டு மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் விளிம்பை வாசிப்பது சுலபம். நூற்றுக்கணக்கான தாளை அடுக்கி, மேலே இருந்து இறுக்கிப் பிடித்து, கத்தி ஒரே இறக்கில் இறங்கும். கத்தி நுழைகிற பக்கம் லேசாக உள்ளே அமுங்கும், வெளியேறுகிற பக்கத்தில் மிக மெல்லிய பிசிறு எழும்பும். கத்தியில் ஒரு சின்னப் பல் விழுந்திருந்தால், அந்த அடுக்கில் இருந்த அத்தனை தாளிலும் ஒரே இடத்தில் ஒரு கீறல் நிற்கும் (எங்கள் முதலாளி அதைப் பார்த்துத்தான் யார் கத்தியைக் கவனிக்காமல் விட்டது என்று பிடிப்பார்). அப்படி வெட்டுப்பட்ட அட்டை பத்துப் பேர் கைக்குப் போய், பெட்டியில் உரசி, ஈரம் குடித்துக் காய்ந்து, விளிம்பு மங்கி மெதுமெதுப்பாகிவிடும். இரும்பு ஸ்கேல் வைத்து பிளேட்டால் அண்மையில் சீவின விளிம்பு அப்படி இருக்காது. பளிச்சென்று, கடதாசியின் உள் நிறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். கை நடுங்கின இடத்தில் லேசான அலை இருக்கும், மூலைக்குக் கிட்ட பிளேட் வழுக்கினதால் ஒரு சின்ன வளைவு இருக்கும். கத்தரிக்கோல் என்றால் இன்னும் மோசம், கத்தரி திறந்து மூடின இடமெல்லாம் படி படியாகத் தெரியும்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற லென்ஸ் ஒன்று போதும், கடிகாரம் திருத்துபவர் கண்ணில் மாட்டுகிற மாதிரி. அட்டையைக் கிடையாகக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஜன்னல் வெளிச்சம் விளிம்பில் விழ மெதுவாகத் திருப்புங்கள். நாலு விளிம்பையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட வேண்டும். ஒரு விளிம்பை மட்டும் பார்த்து யாரும் எதையும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள்.

அதைவிட நல்ல சோதனை உங்கள் டின்னிலேயே இருக்கிறது. ஒரே தொடரின் அட்டைகளை எடுத்து, அடுக்கி, மேசையில் மெதுவாக வைத்து நேராக்கி (தட்டக் கூடாது, மூலை போய்விடும்), பக்கத்தில் இருந்து சீட்டுக்கட்டைப் பார்க்கிற மாதிரிப் பாருங்கள். வெட்டின அட்டை அந்த அடுக்குக்குள் ஒரு பள்ளமாக ஒளிந்திருக்கும். மற்றவை சாயத் தண்ணீர் நிறத்தில் இருக்க அது மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தாலும் தெரியும். கூடப்பிறந்த அட்டைகள் அறுபது கையில் இருக்கும்போது இதைவிட நல்ல அளவுகோல் எந்தக் கடையிலும் கிடைக்காது. அளவு வேண்டும் என்றால், சிகரெட் அட்டை பொதுவாக 36க்கு 67 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், போகிமொன் 63க்கு 88, யூகியோ என்ற இன்னொரு சீட்டு விளையாட்டின் கார்ட் 59க்கு 86. ஆனால் பழைய அட்டைகளில் அரை மில்லிமீற்றர் இப்படி அப்படி இருப்பது சாதாரணம், அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. படத்தைச் சுற்றின வெள்ளை ஓரம் ஒரு பக்கம் ஒடுக்கமாக இருப்பதும் அப்படித்தான். அச்சகத்தில் தாள் நகர்ந்தாலும் அது நடக்கும், நானே எத்தனையோ தடவை நகர்த்தியிருக்கிறேன்.

வழவழப்பான விளிம்பே சந்தேகமாகிற அட்டைகளும் உண்டு. 1979-80 பருவத்தில் கனடாவின் ஓ-பீ-சீ கம்பெனி வெளியிட்ட கிரெட்ஸ்கி அட்டை அப்படி ஒன்று. அவர்கள் தாளைக் கத்தியால் வெட்டாமல் கம்பியால் அறுத்ததால் விளிம்பு பிசிர் பிசிராக இருப்பதுதான் அதன் பிறவிக் குணம். அதில் அழகான விளிம்பைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். எந்த அட்டையாக இருந்தாலும், அது பிறக்கும்போது எப்படி இருந்தது என்று தெரியாமல் பிறகு என்ன நடந்தது என்று சொல்லமுடியாது.

அடுத்தது கலர் பூசுவது. கறுப்பு ஓரம் உள்ள அட்டைகளில் மூலை கொஞ்சம் உரிந்தாலும் வெள்ளை பல்லிளிக்கும். 1971 இல் அமெரிக்காவின் டொப்ஸ் கம்பெனி போட்ட பேஸ்போல் அட்டைகளுக்குக் கறுப்பு ஓரம், அதில் மார்க்கர் படாத அட்டையைத் தேடுவதே ஒரு வேலை என்று சேகரிப்பவர்கள் புலம்புவார்கள். போகிமொன் கார்டின் பின்பக்க நீல ஓரத்துக்கும் இதே வைத்தியம் நடக்கிறது. கண்டுபிடிக்க லென்ஸ் போதும். அச்சில் வந்த நிறம் பெரும்பாலும் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும், நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சேர்ந்து சின்னப் பூக்கள் மாதிரி. பேனையால் பூசின இடத்தில் புள்ளி இருக்காது, ஒரே பூச்சு. முழுக் கறுப்பாக அச்சடித்த ஓரத்தில் புள்ளியைத் தேடிப் பயனில்லை, அங்கே மினுக்கத்தைப் பாருங்கள். அச்சு மை கடதாசியின் மேல் பூச்சோடு ஒரே மினுக்கமாக நிற்கும், மார்க்கர் மை உரிந்த நாருக்குள் ஊறிப்போய் மங்கலாகவோ ஊதா கலந்தோ தெரியும். அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் போதும். அப்புறம் விளிம்பின் பக்கவாட்டையும் பாருங்கள். அச்சு மை அட்டையின் முகத்தில் மட்டும்தான் இருக்கும், பூசினவருடைய பேனை கொஞ்சம் வழுக்கி விளிம்பிலும் தடவியிருக்கும். பஞ்சை ஈரமாக்கித் துடைத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சோதனை இல்லை, இன்னொரு சேதம்.

இப்போது நீல லைட், அதாவது புறஊதா வெளிச்சம். கடைகளில் ஐயாயிரம் ரூபாய் நோட்டை வைத்துப் பார்க்கிறார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன டோர்ச், 365 நனோமீற்றர் என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. கடதாசியை வெள்ளையாகக் காட்டுவதற்குச் சேர்க்கிற ஒளிரும் இரசாயனம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் கடதாசி ஆலைகளுக்குள் பரவலாக வந்தது. ஆகவே 1930கள் என்று சொல்லப்படுகிற அட்டை இருட்டறையில் நீல லைட்டுக்குக் கீழே சலவை வேட்டி மாதிரிப் பளபளத்தால் அது அந்தக் காலத்துக் கடதாசியாக இருக்க வழியில்லை. முழு அட்டையும் மங்கலாக இருந்து ஒரு மூலை மட்டும் மின்னினால், அங்கே புதுக் கடதாசியோ பசையோ சேர்த்திருக்கலாம். பூசின மையும் சில நேரம் பக்கத்து மையில் இருந்து வேறு நிறமாகக் காட்டிக்கொடுக்கும். ஒன்று மட்டும் கவனம்: சலவைத் தூளிலும் அதே மாதிரி இரசாயனம் இருக்கிறது. சட்டைப் பையில் இருந்து ஒருமுறை தொட்டிக்குப் போன அட்டையும் மின்னும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி நல்ல அட்டை ஒன்றைப் போலி என்று நினைத்துப் பேரப்பிள்ளைக்கு விளையாடக் கொடுத்துவிட்டார்.

மடிப்பை அமுக்கி மறைப்பதைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஜனவரி மாதம் வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம் நூறு வருஷத்துக்குக் கிட்டப் பழமையான சிகரெட் அட்டை ஒன்றை வாங்கினேன். மடிப்பே இல்லை, கண்ணாடி மாதிரி நேராக இருந்தது, விலையும் அதற்கேற்ற மாதிரித்தான். சட்டத்துக்குள் போட்டு அறையில் மாட்டி வைத்தேன். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வட்டவளையில் இருந்து ஹட்டன் வரை சுவரே வியர்க்கும், அலுமாரிக்குள் சப்பாத்து பூசணம் பூக்கும். ஜூன் கடைசியில் ஒரு நாள் பார்த்தால் அட்டையின் குறுக்கே, வீரரின் தோளில் இருந்து பாதம் வரை, கையில் நரம்பு எழும்பின மாதிரி ஒரு கோடு எழுந்து நிற்கிறது. யாரோ ஈரம் காட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தோ பாரம் வைத்து அழுத்தியோ அந்த மடிப்பைப் படுக்க வைத்திருக்கிறார்கள். மடிந்த இடத்தில் கடதாசியின் நார் உடைந்திருக்கும், உடைந்த நாரை அழுத்தலாம், ஒட்ட முடியாது. ஈரம் ஏறினதும் அது தன் பழைய இடத்துக்கு எழும்பிவிட்டது. வியாபாரிக்கு எழுதினேன், "உங்கள் ஊர்க் காலநிலையால் வந்திருக்கும்" என்று பதில் வந்தது. பாதி உண்மைதான்.

இப்படி அமுக்கினதைப் பருவமழைக்குக் காத்திராமல் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. அறையை இருட்டாக்கி, டோர்ச்சை மேசையில் படுக்கவைத்து, வெளிச்சம் அட்டையின் மேல் கிடையாக ஓட விடுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கிற மடிப்பு, அழித்த பென்சில் எழுத்தின் பள்ளம், தேய்த்த இடத்தில் போன மினுக்கம், எல்லாம் நிழலாக எழும்பும். ஒரு அட்டையின் பின்னால் யாரோ சிறுபிள்ளை எழுதின பெயரை அழிறப்பரால் அழித்திருந்தார்கள், கிடை வெளிச்சத்தில் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது. இணையத்தில் விற்பவர்கள் ஸ்கேன் படத்தை மட்டும் போடுவதில் எனக்கு இருக்கிற பயமும் இதுதான். ஸ்கேனரின் வெளிச்சம் அட்டையைத் தட்டையாகக் காட்டும், மடிப்பு அதில் தொலைந்துவிடும். உறையில் இருந்து வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான ஆளுக்கு அது இரண்டு நிமிஷ வேலை.

இன்னும் பெரிய வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். உடைந்த மூலைக்குக் கடதாசிக் கூழ் வைத்துப் புது மூலை கட்டுவார்கள், அல்லது ஒரு அட்டையின் முகத்தை உரித்து இன்னொன்றின் முதுகில் ஒட்டுவார்கள். மெஜிக் த கெதரிங் என்ற சீட்டு விளையாட்டில் இது பிரசித்தம். 1993 இல் அல்பா, பீட்டா என்ற முதல் பதிப்புகளோடு சேகரிப்பவர்களுக்கென்று தனியாக ஒரு பதிப்பு வந்தது, முகம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் மூலை சதுரம், பின்பக்கத்தில் தங்க நிற ஓரம். அது மலிவு. அதன் முகத்தைச் சாதாரணக் கார்ட் ஒன்றின் முதுகில் ஒட்டி, மூலையை வட்டமாக வெட்டினால் விலை எங்கேயோ போய்விடும். அதேபோல பீட்டா பதிப்பின் மூலையைக் கொஞ்சம் கூடுதலாக வட்டமாக்கி, அதைவிட விலை கூடின அல்பா என்று விற்பதும் உண்டு. ஒட்டு வேலைக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை. நல்ல அட்டையில் வெளிச்சம் ஒரே சீராக வரும், கட்டின மூலை திட்டாகக் கறுக்கும் அல்லது வெளுக்கும். ஒட்டின அட்டை பெரும்பாலும் தடிப்பிலோ பாரத்திலோ மாட்டிக்கொள்ளும், தெரிந்த நகைக்கடை இருந்தால் அவர்கள் தராசில் அதே பதிப்பின் இன்னொரு கார்டோடு நிறுத்துப் பாருங்கள்.

கொழும்புச் சாரிசார்டுக்கு வருகிறேன். 1999 இல் ஆங்கிலத்தில் வந்த முதல் தொடரின் 4/102 எண் கார்ட் அது. முழுப் போலியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, நம்ம ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்குகிற பாக்கெட்டில் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்தும் நிறமும் தானே சொல்லும். கெட்டிக்காரத்தனம் நடப்பது உண்மையான கார்டில்தான். படத்துக்குக் கீழே இடது பக்கம் இருக்கிற முதல் பதிப்பு முத்திரையைப் பிற்காலத்துக் கார்டில் அச்சடித்துவிடுவார்கள். முதல் பதிப்பு சாரிசார்டில் படச்சட்டத்தின் வலது பக்கத்தில் நிழல் கிடையாது. அடியில் பதிப்புரிமை எழுதியிருக்கிற வரியில் 95, 96, 98 என்ற வருஷங்களுக்குப் பிறகு 99உம் இருக்கும், பிறகு வந்த சாதாரணப் பதிப்பில் நிழல் இருக்கும், நின்டெண்டோ என்ற கம்பெனிப் பெயருக்கு முன்னால் அந்த 99 இருக்காது. முத்திரையும் இருந்து நிழலும் இருந்தால் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். முத்திரை இல்லாமல் நிழலும் இல்லாமல் வந்த ஒரு பதிப்பும் உண்டு, புத்திசாலி அதில்தான் முத்திரை வைப்பான், அங்கே லென்ஸ் வேண்டும். லேசர் பிரின்டரின் தூள் மை கடதாசிக்கு மேலே மேடாக, ஓரத்தில் தூவானம் தெறித்த மாதிரிப் புள்ளிகளோடு நிற்கும். இங்க்ஜெட் மை ஓரத்தில் கசியும். அச்சு மெஷினில் வந்த முத்திரை பக்கத்து எழுத்துகளைப் போலவே தட்டையாக, ஓரம் சுத்தமாக இருக்கும். கார்ட் பெட்டிக்குள் தரம் போட்டு அடைத்திருந்தால் பெட்டியில் இருக்கிற எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். எண்ணைக் களவெடுத்துப் போலிப் பெட்டியில் ஒட்டுவதும் நடப்பதால், அங்கே படம் இருந்தால் அதோடு கார்டை ஒப்பிட வேண்டும், படம் நடுவில் இருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, எந்த இடத்தில் புள்ளி விழுந்திருக்கிறது என்று. பெட்டியின் ஒட்டு ஓரத்தில் பால் மாதிரி மங்கல் இருந்தால் யாரோ திறந்து மூடியிருக்கலாம். இவ்வளவும் சரியாக இருந்தாலும், கையில் எடுத்துப் பார்க்க விடாதவரிடம் அந்த விலைக்கு நான் வாங்கமாட்டேன்.

கண்ணைப் பழக்க ஒரு மலிவான வழி சொல்கிறேன். இங்கிலாந்தில் புரூக் பொண்ட் தேயிலைப் பாக்கெட்டுகளுக்குள் 1954 முதல் 1999 வரை அட்டை போட்டு விற்றார்கள், முதல் தொடர் பிரித்தானியப் பறவைகள், இருபது அட்டை. நம்ம பாட்டி பறித்த கொழுந்து எந்தக் கலவையில் போனதோ, அந்தப் பிள்ளைகள் பாக்கெட்டைக் கொட்டி அட்டையைத் தேடியிருப்பார்கள். கோடிக்கணக்கில் அச்சடித்ததால் பெரும்பாலானவற்றுக்கு இன்றைக்கும் விலை இல்லை, ஆகவே யாரும் அவற்றில் கை வைப்பதில்லை. அப்படிப் பத்து அட்டையை வாங்கி, நீங்களே ஒன்றைப் பிளேட்டால் சீவுங்கள், ஒன்றுக்கு மார்க்கர் பூசுங்கள், ஒன்றை மடித்து அமுக்குங்கள், பிறகு தொடாத அட்டையோடு வைத்து லென்ஸில் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நான் இவ்வளவு எழுதினதைவிட அது அதிகம் சொல்லித்தரும்.

இப்போது கண்டிக்காரர். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம், அதே நேரம் அவர் விலை குறைக்கப் பார்த்ததும் உண்மையாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தே நடக்கும். எந்த விளிம்பு, எந்த மூலை என்று லென்ஸைக் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்தவர் காட்டிவிடுவார். வெட்டினது, பூசினது, திருத்தினது என்பதற்கு பீஎஸ்ஏ தனித்தனிக் குறியீடே வைத்திருக்கிறது, அப்படிப்பட்ட அட்டைக்குத் தரம் போடமாட்டார்கள், அல்லது அசல்தான் ஆனால் மாற்றப்பட்டது என்று எழுதி அடைப்பார்கள். ஆகவே அந்த மூன்றுக்கும் விலை குறைவது நியாயம். மற்ற அறுபதுக்கும் விலையைப் பாதியாக்க அது காரணமில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். வெட்டின விளிம்பு வெள்ளையாக இருக்கிறதா, மற்ற விளிம்பைப் போலப் பழுத்திருக்கிறதா? வெள்ளை என்றால் அண்மைக்காலத்து வேலை. பழுத்திருந்தால், தொரையின் பிள்ளை யாரோ அந்தக் காலத்திலேயே ஆல்பத்தில் பொருந்துவதற்காகக் கத்தரியை எடுத்திருக்கிறது. அப்போது இவை விளையாட்டுச் சாமான்தானே. ஒரு பென்னிக்கு ஆல்பம் விற்றார்கள், 1930களில் இங்கிலாந்தின் ப்ளேயர்ஸ் சிகரெட் கம்பெனி பல தொடர்களைப் பின்பக்கத்தில் பசை தடவியே வெளியிட்டது, நாக்கில் தொட்டு ஒட்டவேண்டியதுதான். உங்கள் டின்னில் இரண்டு மூன்று அட்டை ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தால் காரணம் அந்தப் பசையும் நம்ம ஊர் ஈரமும்தான். தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரிக்கத் தோன்றும். பிரிந்துவிடும், ஆனால் பின்பக்கப் பசை போய், அட்டை வளைந்து, அதுவும் மாற்றப்பட்ட அட்டைக் கணக்கில் சேர்ந்துவிடலாம். நூலகங்களில் பழைய கடதாசியைத் திருத்துகிறவர்கள் திரும்பக் கழற்றக்கூடிய மாவுப் பசையும் மெல்லிய ஜப்பான் கடதாசியும் வைத்து, செய்ததை எழுதியும் வைப்பார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அட்டை உலகத்தில் செய்துவிட்டுச் சொல்லாமல் விற்பதுதான் தொல்லை.

உள்ளதைச் சொன்னால், 30களின் ப்ளேயர்ஸ் கிரிக்கெட் அட்டைகள் ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை, பிரட்மன் இருந்தாலும் வீடு கட்டுகிற காசு வராது. அதனால் அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். மடியாத பிளாஸ்டிக் உறை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டு, தரையிலும் சுவரிலும் படாமல் அலுமாரியின் நடுத்தட்டில் வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போடுங்கள். கண்டிக்காரர் சொன்ன மூன்று அட்டையின் நாலு விளிம்பையும் கிட்டவாக எடுத்துப் படம் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். ஹட்டன் பக்கம் வருவதாக இருந்தால் நேரே கொண்டுவாருங்கள், மழை இல்லாத நாளாகப் பார்த்து. டின்னையும் எடுத்து வாருங்கள். அதன் உள் ஓரத்துத் துருக்கறை எந்த எந்த அட்டையின் விளிம்பில் ஏறியிருக்கிறது, அந்த இரண்டின் வெட்டு விளிம்பிலும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.